சில்லறையைச் சேர்க்கிறது ஒரு வேலை, சேர்த்ததைத் தொடாம வைக்கிறது இன்னொரு வேலை

சேமிப்புன்னு யார் பேச ஆரம்பிச்சாலும் உடனே சம்பளத்துல இத்தனை சதவீதம் எடுத்து வைங்க, மாசம் இவ்வளவு போடுங்கன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஒரே தேதியில ஒரே தொகை கைக்கு வர்றவங்களுக்கு அது சரி, ஆனா இன்னைக்கு வேலை இருக்கு நாளைக்கு இருக்குமான்னு தெரியாதவங்களுக்கும், வீட்டுச் செலவுக்குக் குடுக்கிற பணத்துலயே மிச்சம் பிடிக்கிறவங்களுக்கும், படிச்சிட்டு இருக்கிற பசங்களுக்கும் அந்த சதவீதக் கணக்கு எந்த மூலைக்கு? அவங்க கையில உண்மையிலேயே மிஞ்சுறது சில்லறைதான். அதனாலதான் சில்லறைன்னா ஒரு அலட்சியமா யாராவது பேசினா எனக்கு மனசு கேக்காது. பலபேருக்கு சேமிப்புக்குள்ள நுழையிறதுக்கு இருக்கிற ஒரே வாசல் அது.

ஒரு நாளைக்கு 8 மட்டும் எடுத்து வச்சாலும் வருஷத்துக்கு 2920 ஆகுது, எந்த நாட்டுப் பணமா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் சேர மாட்டேங்குது, ஏன்னா சில்லறையைச் சேர்க்கிறது கஷ்டமில்லை, செலவு பண்ணாம இருக்கிறதுதான் கஷ்டம். நோட்டா இருக்கிற பணத்துக்கு இருக்கிற மரியாதை காசா இருக்கிற பணத்துக்கு நம்ம மனசுல இல்லவே இல்லை.

இதை ஆராய்ச்சி பண்ணியே பார்த்திருக்காங்க. பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவான்னு ரெண்டு பேர் 2009ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அமெரிக்காவுல காலேஜ் ஸ்டூடண்ட்ஸ் சிலருக்கு ஒரு டாலரை நோட்டாவும், சிலருக்கு அதே ஒரு டாலரை நாலு கால் டாலர் காசாவும் குடுத்து, வேணும்னா வச்சுக்கோங்க, இல்லேன்னா மிட்டாய் வாங்கிக்கோங்கன்னு சொன்னாங்க. நோட்டு வாங்கினவங்கள்ல 26 சதவீதம் பேர்தான் செலவு பண்ணாங்க, காசு வாங்கினவங்கள்ல 63 சதவீதம். தொகையில ஒரு பைசா வித்தியாசம் இல்லை, உருவம்தான் வேற. இதை நான் முதல்ல படிச்சப்போ எனக்குப் பட்டது என்னன்னா, நமக்கு மனக்கட்டுப்பாடு இல்லைன்னு நம்மளையே திட்டிக்கிறதுல அர்த்தமே இல்லை, காசோட உருவமே நம்ம கையை செலவுப் பக்கம் இழுக்குது, அதனால காசை மாத்தணும், வைக்கிற இடத்தை மாத்தணும், நம்மளை மாத்திக்கிறது அப்புறம் பார்த்துக்கலாம்.

சில்லறை எப்போ காணாம போகுதுன்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பெரும்பாலும் அது பாக்கி வாங்கின அதே எடத்துலயே போயிடுது. பில்லு போட்டாச்சு, நோட்டு குடுத்தாச்சு, மிச்சக் காசு உள்ளங்கையில இருக்கு, கண்ணு கவுண்டர் மேல இருக்கிற சின்னச் சின்ன சாமான்கள்ல நிக்குது, கையில இருக்கிறதும் அது விலையும் கிட்டத்தட்ட சரியா இருக்கு. அந்தச் சாமானை அங்க சும்மா வைக்கலை, கையில சில்லறையோட நிக்கிற ஆளுக்காகத்தான் அது அங்க இருக்கு. அந்த நாலஞ்சு வினாடிதான் முக்கியம். அதனால நான் சொல்ற முதல் வழி ரொம்ப சாதாரணமானது, பாக்கி வாங்கினதும் எண்ணிப் பார்த்துட்டு, தலையை நிமிர்த்துறதுக்கு முன்னாடி காசை ஜிப் வச்ச ஒரு பைக்குள்ள போட்டு மூடிடணும். பர்ஸுல நோட்டு இருக்கிற பகுதியில போடக்கூடாது, சட்டை பாக்கெட்லயும் கூடாது, சட்டை பாக்கெட்ல கிடக்கிற காசு நடக்க நடக்க சலசலன்னு நம்மளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். தனியா ஒரு சின்ன ஜிப் பை. திறக்கிறதுக்கு ரெண்டு கை வேணும், அந்தத் தொந்தரவே போதும்.

இன்னொண்ணு, சில்லறையில ஏதாவது வாங்கத் தோணும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இதுக்காக ஒரு பெரிய நோட்டை மாத்துவேனா? மாத்த மாட்டேன்னா அந்தப் பொருள் அவ்வளவு அவசியமில்லை, காசு கையில இருக்கிறதாலதான் வேணும்னு தோணுது. மாத்துவேன்னு மனசு சொன்னா தாராளமா வாங்கிக்கோங்க, தண்ணி தாகம், பஸ்ஸுக்கு டிக்கெட், மாத்திரை, இதுக்கெல்லாம் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. எல்லாத்தையும் அடக்கி ஒடுக்கி வாழச் சொல்ற சேமிப்பு எனக்குப் பிடிக்காது, அது நீடிக்கவும் நீடிக்காது.

இப்போ வீட்டுக்கு வந்ததும் என்ன பண்றதுன்னு பார்ப்போம். சில்லறை சேர்க்கிறதுல பாதிப்பேர் தோக்குறது இங்கதான், சேர்ந்தா போடலாம், நாளைக்குப் போடலாம்னு பையிலயே விட்டுடுறாங்க, மறுநாள் காலையில அந்தக் காசோடயே வெளிய போறாங்க, சாயங்காலம் அது இருக்காது. அதனால ஒரு ராத்திரி கூட காசு பையில தங்கக்கூடாதுன்னு வச்சுக்கோங்க. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல் பேராசிரியர் 1999ல எழுதினதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு, வெறுமனே சேமிக்கணும்னு நினைக்கிறதை விட, இது நடந்தா உடனே இதைச் செய்வேன்னு நேரத்தையும் இடத்தையும் சேர்த்து முடிவு பண்ணி வச்சுக்கிட்டா அந்தக் காரியம் நடக்கிறது ரொம்ப அதிகம்னு. சேமிக்கணும்னு நினைக்காதீங்க, சாவியை மாட்டினதும் பையை டப்பாவுல கவுத்திடுவேன்னு நினைங்க. சாவி மாட்டுறது தினமும் எப்படியும் நடக்கும், அதோட பின்னாடியே இதுவும் நடந்துடும். டப்பா இருக்க வேண்டிய இடமும் அதனால சாவி மாட்டுற இடத்துக்குப் பக்கத்துலதான், பீரோவுக்குள்ள இல்லை. பீரோவைத் திறந்து, துணியை நகர்த்தி, டப்பாவை எடுத்துப் போடணும்னா நாலாவது நாளே சோம்பல் வந்துடும். போடுறது சுலபமா இருக்கணும், எடுக்கிறதுதான் கஷ்டமா இருக்கணும்.

அந்த எடுக்கிற கஷ்டத்தைப் பத்தி நிறைய சொல்லணும்னு தோணுது, ஏன்னா மூடி போட்ட டப்பாவை உண்டியல்னு சொல்லவே முடியாது. மூடியைத் திறந்து ரெண்டு காசு எடுக்கிறது ஒரு வேலையே இல்லை, அப்படி எடுத்தது யாருக்கும் தெரியவும் தெரியாது, எடுத்தவங்களுக்கே மறந்துடும். மனுஷங்க இதை ரொம்ப காலத்துக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாங்க. இப்போ துருக்கியில இருக்கிற ப்ரீனேங்கிற பழைய கிரேக்க நகரத்துல கிமு 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு உண்டியல் கிடைச்சிருக்கு, சின்னக் கோயில் மாதிரி உருவம், காசு போட மேல ஒரு கீறல். ஜாவா தீவுல மஜாபாஹித் ராஜ்ஜியம் இருந்த காலத்துல சுட்ட மண்ணுல பன்றி உருவத்துல உண்டியல் பண்ணியிருக்காங்க, உள்ள போன காசை எடுக்கணும்னா உடைக்கணும். உடைக்கிறதுன்னா சத்தம் வரும், வீட்ல எல்லாருக்கும் தெரியும், அந்தப் பொருள் போயிடும். ஒரு காசுக்காக யாரும் உடைக்க மாட்டாங்க. இதெல்லாம் குழந்தைங்க விளையாட்டுச் சாமான்னு நினைக்கக்கூடாது, மனுஷ மனசை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் யோசிச்சு வச்ச ஏற்பாடு.

மண் உண்டியல் வேண்டாம்னா, பெரிய பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் ஒண்ணை எடுத்து மூடியை ஒட்டிட்டு பக்கவாட்டுல காசு நுழையிற அளவுக்கு மட்டும் கத்தியால கீறிக்கலாம். கீறல் நீளம் பெரிய காசோட அகலத்தை விட ஒரு நூல் அதிகமா இருந்தா போதும், அகலம் ரொம்பக் குறுகலா இருக்கணும், இல்லேன்னா கவுத்துக் குலுக்கினா காசு வெளிய வந்துடும். கண்ணாடி ஜாடி அழகா இருக்கும்தான், ஆனா காசு நிறைஞ்சதும் நல்ல கனம் வந்துடும், தூக்கும்போது கை வழுக்கிச்சுன்னா அவ்வளவுதான். உள்ள என்ன சேர்ந்திருக்குன்னு வெளிய தெரியிறது நல்லதான்னு கேட்டா, ஏறுறதைப் பார்த்து உற்சாகம் ஆகுறவங்களுக்கு நல்லது, பார்த்ததும் எடுக்கத் தோணுறவங்களுக்கு தகர டப்பாதான் நல்லது. உங்க சுபாவம் உங்களுக்குத்தான் தெரியும்.

பூட்டு போடலாமா, சாவியை யார்கிட்ட குடுக்கிறதுன்னு அடிக்கடி கேக்குறாங்க. இதுக்கும் ஒரு நல்ல பதில் இருக்கு. பாஸ்கலின் டூபா, ஜொனாதன் ராபின்சன் ரெண்டு பேரும் கென்யாவுல கிராமத்து மக்கள்கிட்ட பண்ணின ஆராய்ச்சி 2013ல வந்தது. சிலருக்கு கீறல் வச்ச ஒரு சாதாரண இரும்புப் பெட்டியையும் அதோட சாவியையும் அவங்க கையிலயே குடுத்துட்டாங்க, உடம்பு ஆரோக்கியத்துக்கு வாங்குற எந்தப் பொருளுக்காகச் சேர்க்குறீங்களோ அதோட பேரைச் சொல்லிச் சேர்த்து வைங்கன்னு மட்டும் சொன்னாங்க. இன்னும் சிலருக்குப் பெட்டியைக் குடுத்துட்டு சாவியை ஆராய்ச்சி பண்றவங்களே வச்சுக்கிட்டாங்க. சாவி தன் கையிலயே இருந்தவங்க அந்தப் பொருட்களுக்குப் போட்ட பணம், பெட்டியே இல்லாதவங்களோட ஒப்பிட்டா 66 சதவீதத்துக்கு மேல கூடிச்சு. சாவி இல்லாதவங்ககிட்ட அந்த அளவு பலன் தெரியலை. அவசரத்துக்கு எடுக்க முடியாதுன்னா யாருக்குமே பணத்தை உள்ள போட மனசு வராதுதானே. அதனால என் கருத்து, சாவி உங்க வீட்லயே இருக்கட்டும், ஆனா கைக்கெட்டுற தூரத்துல வேண்டாம், எடுக்க எழுந்து நடந்து போகணும், ஸ்டூல் போட்டு ஏறணும், அந்தளவு இருந்தா போதும்.

அந்த ஆராய்ச்சியில இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு, பெட்டிக்கு ஒரு பேர் இருந்தது. சும்மா சேமிப்புன்னு இருக்கிற பணத்தை எதுக்கு வேணாலும் எடுக்கலாம், பேர் வச்ச பணத்தை எடுக்கக் கை கூசும். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2017ல வாங்கின ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்குன்னு விளக்கியிருக்கார், எல்லாமே பணம்தான், ஆனா நம்ம மனசு அதைத் தனித்தனிப் பெட்டியா பிரிச்சு வச்சுக்கும், ஒரு பெட்டியில இருக்கிறதை இன்னொரு வேலைக்கு எடுக்கத் தயங்கும்னு. தயக்கம் ஒரு குறைன்னு நினைக்காம அதையே நமக்கு உதவியா மாத்திக்கலாம். டப்பா மேல ஒரு பேப்பர் ஒட்டி எதுக்காகன்னு எழுதுங்க. பொதுவா இல்லாம, குறிப்பா. மூக்குக்கண்ணாடி மாத்தணும்னா மூக்குக்கண்ணாடின்னே எழுதுங்க, பரீட்சை ஃபீஸ்னா பரீட்சை ஃபீஸ். திலிப் சோமன், அமர் சீமா 2011ல வெளியிட்ட ஆராய்ச்சியில, இந்தியாவுல கூலி வேலை பார்க்கிறவங்களோட சேமிப்புப் பணத்தைக் கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்திருக்காங்க. கவர் மேல அவங்க குழந்தைங்க போட்டோ இருந்தவங்க அதிகமா சேமிச்சாங்க, பணத்தை ஒரே கவர்ல வைக்காம ரெண்டு கவரா பிரிச்சு வச்சவங்களும் அதிகமா சேமிச்சாங்க. கிழிக்கணுமே, அந்தக் கவரைக் கிழிக்கிற நேரத்துல ஒரு நிமிஷம் நிக்கத் தோணும் பாருங்க, அதுதான் காரணம். ரெண்டு கவர்னா ரெண்டு தடவை நிக்கணும். நம்ம டப்பாவுக்கும் இதைச் செய்யலாம், ஒரே பெரிய டப்பாவுக்குப் பதிலா ரெண்டு சின்ன டப்பா, ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு போட்டோ.

எந்தக் காசைப் போடறது எதை விடறதுன்னும் ஒரு விதி வச்சுக்கணும். எல்லாச் சில்லறையையும் போடுவேன்னு ஆரம்பிக்கிறவங்க பலபேர் சீக்கிரமே விட்டுடுவாங்க, ஏன்னா மறுநாள் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்காது, டப்பாவை நோண்ட வேண்டி வரும், ஒருதடவை நோண்டினா அப்புறம் பழக்கமாயிடும். அதுக்கு நல்ல வழி, ஏதாவது ஒரே ஒரு வகைக் காசை மட்டும் பிடிச்சுக்கிறது. அந்தக் காசு எங்க இருந்து எப்படி வந்தாலும் அது செலவுக்கு இல்லை, மத்ததெல்லாம் செலவுக்கு. யோசனையே தேவையில்லை, கையில பார்த்ததும் தெரிஞ்சுடும். ரொம்ப நெருக்கடியில இருக்கிறவங்க இருக்கிறதுலயே சின்னக் காசுல ஆரம்பிக்கட்டும், கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சதும் அடுத்த காசுக்கு ஏறட்டும். போக்குவரத்துக்கு வேண்டிய சில்லறையைத் தனியா ஒரு கிண்ணத்துல வச்சுக்கோங்க, அந்தக் கிண்ணமும் டப்பாவும் ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது.

அப்புறம் காசை நோட்டாக்குறது. மேல சொன்ன மிட்டாய் ஆராய்ச்சியை வச்சுப் பார்த்தா இதுதான் எல்லாத்துலயும் பெரிய காரியம்னு நினைக்கிறேன். டப்பா நிறையிற வரைக்கும் காத்திருக்காம, ஒரு நோட்டு மதிப்புக்குக் காசு தேறினதும் மாத்திடுங்க. தரையில ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு காசையெல்லாம் கொட்டி, வகைவகையா பிரிச்சு, பத்துப் பத்தா அடுக்கி, அடுக்கெல்லாம் ஒரே உயரமா இருக்கான்னு குனிஞ்சு ஒரு பார்வை பார்த்து, ஒரு அடுக்கு ஒசந்தோ தாழ்ந்தோ இருந்தா அதை மட்டும் திரும்ப எண்ணி, பேப்பர்ல சுருட்டி மேல எத்தனைன்னு எழுதி வச்சா, மாத்திக் குடுக்கிறவங்களுக்கும் வேலை மிச்சம். அந்த அடுக்குகள் வரிசையா நிக்கிறதைப் பார்க்கிறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, குழந்தைங்க இருக்கிற வீட்ல அவங்களையும் கண்டிப்பா உட்கார வைங்க. கடை வச்சிருக்கிற யாருக்காவது எப்பவுமே சில்லறை தேவைப்படும், அவங்க சந்தோஷமா மாத்திக் குடுப்பாங்க. பேங்க்ல மாத்துறதா இருந்தா எந்த நேரத்துல கூட்டம் கம்மின்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க.

மாத்தும்போது முடிஞ்சா புது நோட்டா கேளுங்க. 2013ல ஃபேப்ரிசியோ டி மூரோ, தியோடர் நோஸ்வொர்த்தி பண்ணின ஆராய்ச்சியில கசங்கி அழுக்கான நோட்டை ஜனங்க சீக்கிரம் கைமாத்திவிடப் பார்க்குறாங்க, மொடமொடன்னு இருக்கிற நோட்டை வச்சுக்கத்தான் பார்க்குறாங்கன்னு தெரிஞ்சது. அந்தப் புது நோட்டை மடிக்காம ஒரு கவர்ல போட்டு ஒட்டிடுங்க. ஆனா ஒரு எச்சரிக்கை, பெரிய நோட்டை ஒருதடவை மாத்திட்டா பிடி விட்டுப்போயிடும், மிச்சமும் சீக்கிரம் கரையும், ரகுபீரும் ஸ்ரீவஸ்தவாவும் இதையும் சொல்லியிருக்காங்க. அதனால சேமிச்ச நோட்டை எக்காரணம் கொண்டும் சில்லறைக்காக மாத்தாதீங்க, யாராவது வீட்ல சில்லறை இருக்கான்னு கேட்டா இருக்கிற செலவுப் பணத்துல பாருங்க. நாலஞ்சு நோட்டு சேர்ந்ததும் பேங்க் கணக்குல போட்டுடறது இன்னும் நல்லது, வீட்ல இருக்கிற பணத்துக்கு வட்டியும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது.

இப்போ பலபேர் காசையே கண்ணுல பார்க்கிறதில்லை, எல்லாம் போன்லயே குடுத்துடுறாங்க, அவங்களுக்கு சில்லறை எங்க இருந்து வரும்? வரும், நாமளே உண்டாக்கணும். 43 குடுத்தா 50 குடுத்ததா வச்சுக்கிட்டு மிச்ச 7ஐ தனிக் கணக்குக்குத் தள்ளுறது. பேங்க் ஆஃப் அமெரிக்கா 2005லயே கார்டுல வாங்குற ஒவ்வொரு தொகையையும் முழு டாலருக்கு ஏத்தி மிச்சத்தை சேமிப்புக் கணக்குல போடுற திட்டம் கொண்டுவந்தாங்க. உங்க பேங்க்ல அந்த வசதி இல்லேன்னாலும் பரவாயில்லை, வாரத்துக்கு ஒருதடவை உட்கார்ந்து அந்த வாரக் கணக்கைப் பார்த்து, ஒவ்வொண்ணையும் அடுத்த பத்துக்கு ஏத்தி, வித்தியாசத்தைக் கூட்டி ஒரே தடவையா அனுப்பிடுங்க. அதுல இன்னொரு லாபமும் இருக்கு, அந்த வாரம் எங்கெங்க குடுத்தோம்னு ஒண்ணொண்ணா கண்ணுல படும். கையில காசு குடுக்கும்போது வர்ற வலி போன்ல வராது. டிராஜன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் 2001ல வெளியிட்ட ஒரு சோதனையில, கூடைப்பந்து மேட்ச் டிக்கெட்டுக்கு யார்கிட்ட ரொக்கமா குடுக்கணும்னு சொன்னாங்களோ அவங்க குடுக்கத் தயாரா இருந்த விலையை விட, யார்கிட்ட கார்டுல குடுக்கலாம்னு சொன்னாங்களோ அவங்க குடுக்கத் தயாரா இருந்த விலை ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அந்த வலியை வாரக் கணக்கு கொஞ்சமாவது திருப்பிக் குடுக்குது. சேமிப்புக்குன்னு தனியா வச்சிருக்கிற கணக்கை போன்ல பணம் அனுப்புற ஆப்போட இணைக்காம விட்டுடுங்க, அந்தக் கணக்குக்கு கார்டும் வேண்டாம்.

எப்போ திறக்கலாம்ங்கிறதையும் இப்பவே முடிவு பண்ணிடணும், தேவை வந்ததுக்கு அப்புறம் முடிவு பண்ணா எல்லாமே அவசியமாத்தான் தெரியும். டப்பா மேல ஒட்டின அதே பேப்பர்ல கீழ இன்னொரு வரி எழுதுங்க, எந்தெந்த அவசரத்துக்கு எடுக்கலாம்னு. உடம்பு சரியில்லாம போறது, வீட்டுல முக்கியமான ஒரு பொருள் ரிப்பேர் ஆகுறது, இப்படி ரெண்டு மூணு இருந்தா போதும். வீட்ல இருக்கிற எல்லாரும் அதைப் படிச்சு ஒத்துக்கட்டும், ஒருத்தர் எடுக்க வந்தா இன்னொருத்தர் அந்த வரியைக் காட்டலாம், சண்டையே வராது. அந்த வரியில இருக்கிற அவசரம் வந்து எடுத்தா அதுக்காக ஒரு துளியும் வருத்தப்படாதீங்க, பணம் அதுக்குத்தான் இருந்தது. எடுத்த தொகையையும் தேதியையும் பேப்பர்லயே எழுதிட்டு, அன்னைக்கு ராத்திரியே பையில இருக்கிற காசை டப்பாவுல போடுங்க, ஒரே ஒரு காசா இருந்தாலும் சரி.